பிரேம் கடைச் சுவரில் யார் படம்?

இந்த முறை வந்த கடிதங்களில் ஐந்து ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. பிரேம் போடக் கொடுத்த படத்தைக் கடைக்காரர் தன் கடையில் மாட்டி வைக்கலாமா? கொடுத்தவர்களும் கேட்டிருக்கிறார்கள், வாங்கி வைத்தவர்களும் கேட்டிருக்கிறார்கள். கோவில்பட்டியில் 1987-லிருந்து பிரேம் கடை வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, எட்டு மாதத்துக்கு முன் பிரேம் கடை ஆரம்பித்தேன். சுவரில் கம்பெனிக்காரர்கள் கொடுத்த பிரேம் மாதிரிகளும் சாமி படங்களும்தான் இருக்கின்றன. வாடிக்கையாளர்களுக்குச் செய்த நல்ல வேலைகளை, அவர்கள் வாங்கிப் போகும் வரைக்கும் மாட்டி வைத்தால் ஆர்டர் கூடும் என்று நண்பர் சொல்கிறார். மாட்டலாமா? ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டுமா?
– இளம் கடைக்காரர், தேனி

பதில்: தம்பி, கேட்டுவிட்டுத்தான் மாட்ட வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் கடை ஆரம்பித்து ஒன்பது வருஷம் இருக்கும். ஒரு வீட்டுக்காரர்கள் தங்கள் ஆச்சியின் போட்டோவைக் கொண்டுவந்தார்கள். எண்பது வயது நிறைந்தபோது எடுத்தது. அரக்குப் பட்டு, கழுத்தில் ரோஜா மாலை, தனியாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். 20-க்கு 24 அங்குலம். இரண்டரை அங்குலத் தேக்கு, உள்பக்கம் தங்க நிறத்தில் மெல்லிய பீடிங், அதாவது ஓரச் சட்டம். நாலு மூலையும் அப்படிச் சேர்ந்திருந்தன. நகத்தை வைத்து இழுத்தால் எங்கேயும் தட்டவில்லை. அந்தச் சந்தோஷத்தில், அவர்கள் வாங்க வர இன்னும் மூன்று நாள் இருக்கிறதே என்று, கல்லாவுக்குப் பின்னால் சுவரில் மாட்டிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அப்போது யோசிக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொல்லியிருந்த இரண்டு படங்கள், சந்தன மாலை போட்டு, அதே சுவரில் தயாராக இருந்தன. நம் பக்கத்தில் பெரிய பிரேமுக்குள் வயதானவர் ஒருவர் மாலையோடு இருந்து, அக்கம்பக்கத்தில் சந்தன மாலை போட்ட படங்களும் இருந்தால், பார்க்கிறவர் மனம் எங்கே போகும்? ஆச்சி வீட்டுத் தெருக்காரர் ஒருவர் ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்ட வந்தவர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். சாயங்காலம் எட்டயபுரத்திலிருந்து ஆச்சியின் தங்கை மகள்கள் இரண்டு பேர் அழுதுகொண்டே பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் மகன் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "அண்ணாச்சி, எங்க அம்மா திண்ணையில உக்காந்து வெத்தல இடிச்சிக்கிட்டு இருக்காங்க" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. படத்தை இறக்கி எடுத்துக்கொண்டு அவர் கூடவே வீட்டுக்குப் போனேன். ஆச்சி மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தாம்ப்பா இருக்கு" என்றார். ஆனால் வீட்டில் யாரும் அதை முன்கூடத்தில் மாட்டச் சம்மதிக்கவில்லை. உள்ளறையில் பீரோவுக்கு மேல் சாய்த்து வைத்துவிட்டார்கள். நான் காசு வாங்கவில்லை. அப்புறம் அந்த வீட்டிலிருந்து யாரும் என் கடைக்கு வரவும் இல்லை. என் கையால் செய்ததில் மிக நல்ல பிரேம் ஒன்று, யாரும் நிமிர்ந்து பார்க்க விரும்பாத இடத்துக்குப் போனது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

மனசுக்குத் தப்பாகப் படுவது சட்டத்துக்கும் தப்புதான். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், ஒரு வேலைக்காக ஒருவர் தன் பொருளை இன்னொருவரிடம் ஒப்படைப்பதைப் பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது. தையல்காரர், வாட்ச் ரிப்பேர்காரர், நாம் எல்லோரும் அதற்குள் வருகிறோம். விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்கிற அளவுக்காவது அந்தப் பொருளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 151-ஆம் பிரிவு. பேசிக்கொண்டதற்கு மாறாக அந்தப் பொருளைப் பயன்படுத்தி அதனால் சேதம் வந்தால் ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது 154-ஆம் பிரிவு. அவர் கொடுத்தது பிரேம் போட. நம் கடைக்கு ஆள் கூட்டுவதற்கு இல்லை. மாட்டி வைத்திருக்கும்போது ஆணி பிடுங்கிக்கொண்டு விழுந்தால், "அது பாட்டுக்கு விழுந்துவிட்டது" என்று சொல்ல நமக்கு வாய் இருக்காது.

சரி, எப்போது கேட்பது? ஆர்டர் எடுக்கும்போது கேட்காதே. அப்போது கேட்டால், வேலை தள்ளிப் போகுமோ என்று அவருக்குச் சந்தேகம் வரும். முடித்த படத்தை மேஜையில் வைத்து, மேல் துணியை எடுத்து, அவர் பார்த்துவிட்டு முகம் மலர்கிறாரே, அதுதான் நேரம். "இந்த வேலையை நாலு பேர் பார்த்தால் எனக்கு உதவியாக இருக்கும். பதினைந்து நாள் கடையில் இருக்கட்டுமா? இல்லையென்றால் இப்போதே கட்டிக் கொடுத்துவிடுகிறேன்." இப்படிக் கேள். இரண்டாவது வாக்கியம் முக்கியம். மறுப்பது அவருக்குச் சுலபமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. சம்மதித்தால் இவ்வளவு தள்ளுபடி என்று முன்கூட்டியே பேரம் பேசாதே. நூறு ரூபாய் குறைந்தால் போதும் என்ற நிலையில் இருக்கிறவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அது சம்மதம் ஆகாது. பதினைந்து நாள் கழித்துத் திருப்பிக் கொடுக்கும்போது, கண்ணாடியைத் துடைத்து, புதுக் கொக்கியும் வயரும் போட்டு, நீயே வீட்டுக்குக் கொண்டுபோய் ஆணி அடித்து மாட்டிக் கொடு. அதற்குக் காசு வாங்காதே. நான் அப்படித்தான் செய்கிறேன்.

பில் புக்கில் கீழே ஒரு வரி அச்சடித்துக்கொள்: "கடையில் ........ தேதி வரை மாட்டி வைக்கச் சம்மதம். பெயர் போடலாம் / வேண்டாம்." கையெழுத்து வாங்கிக்கொள். பெயர் வேண்டாம் என்பவர்கள்தான் அதிகம். அதை மதித்துவிட்டால் அடுத்த முறை அவர்களே, "எங்க பேத்தி வரைஞ்சது, வேணும்னா வச்சுக்கோங்க" என்பார்கள்.

சிலவற்றைக் கேட்கவே கூடாது என்று நான் வைத்திருக்கிறேன். இறந்தவர் படம், கைக்குழந்தை படம், பதிவு எண் தெரிகிற பட்டச் சான்றிதழ், வீட்டுப் பூஜையில் இருந்து பழைய கண்ணாடி மாற்ற வந்த சாமி படம். சங்கத்துக்காரர்களும் கட்சிக்காரர்களும் செய்யச் சொல்லும் தலைவர் படங்களும் இதில் சேர்த்தி. அந்தப் படங்களை முடித்ததும் காகிதம் சுற்றி உள்ளே வைத்துவிடுவேன். எங்கள் பக்கத்தில் வாசலில் எந்தத் தலைவர் படம் தொங்குகிறதோ அந்தப் பக்கத்துக் கடை என்று பெயர் விழுந்துவிடும். எல்லோரும் ஏறி வர வேண்டிய படி அது.

இப்போது நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். சுவரை நிரப்ப மற்றவர் படம் எதற்கு? உன் படத்தை வைத்து நிரப்பு.

என் கடையில் முதலில் கண்ணில் படுவது ஒரே முருகன் படம், மூன்று தடவை. கொண்டைய ராஜு எழுதியது. நாடகங்களுக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டிருந்தவர், எங்கள் ஊரிலேயே தங்கி, சிவகாசியில் அச்சான காலண்டர்கள் வழியாக வீட்டுக்கு வீடு சாமி படம் கொடுத்தவர். 1976-இல் காலமானார். அவருடைய பழைய காலண்டர் படம் ஒரே மாதிரி மூன்று எனக்குக் கிடைத்தது. முதல் படத்துக்கு மெல்லிய சிந்தெடிக் பீடிங், கண்ணாடி படத்தின் மேலேயே ஒட்டி உட்கார்ந்திருக்கும். இரண்டாவதற்கு அதே பீடிங், ஆனால் படத்தைச் சுற்றிலும் இரண்டு அங்குலம் மவுண்ட் போர்டு, அதாவது தடித்த அட்டை. மூன்றாவதற்கு மவுண்ட்டும் தேக்கும். கீழே மூன்று விலையையும் எழுதி வைத்திருக்கிறேன். வருகிறவர் முதல் படத்தைப் பார்ப்பார், இரண்டாவதைப் பார்ப்பார், மறுபடி முதலுக்குப் போவார். நான் வாயே திறக்க வேண்டியதில்லை. "அந்த நடுவுல உள்ளது மாதிரி போட்டுருங்க" என்பார்.

அதற்கு அடுத்து தீப்பெட்டி லேபிள்கள். எங்கள் ஊர்த் தொழில் அது. ஒரே மவுண்ட் போர்டில் 24 சின்னச் சின்ன ஜன்னல் வெட்டி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு லேபிள்: மயில், ஒட்டகம், கப்பல், சாவி. ஒவ்வொரு ஜன்னலின் ஓரமும் 45 டிகிரியில் சரிந்து உள்ளே இறங்கும். மொத்தம் 96 வெட்டு. ஒன்றில் கத்தி ஒரு நூல் தாண்டினாலும் மூலையில் கீறல் தெரியும், முழு அட்டையும் வீண். மூன்றாவது அட்டையில்தான் எனக்குச் சரியாக வந்தது. என் கை எவ்வளவு நிற்கும் என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி எந்த வாடிக்கையாளர் படத்திலும் கிடைக்காது. உன் ஊரில் என்ன இருக்கிறதோ, ஏலக்காய்ச் சாக்கில் அச்சடித்த முத்திரைத் துணியோ, உன் அப்பாவின் பள்ளிக்கூடச் சான்றிதழோ, அதைப் போடு.

கேள்வி: என் மகளின் பரதநாட்டிய அரங்கேற்றப் போட்டோவைப் பெரிதாக்கிப் பிரேம் போடக் கொடுத்தோம். வேலை நன்றாக இருந்தது. ஆனால் பத்து நாள் கழித்து அந்தக் கடைக்காரரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அந்தப் படத்தை என் தங்கை பார்த்திருக்கிறாள். கடையின் வெளிப் போர்டிலும் அடித்து வைத்திருக்கிறார். கேட்டால், "நல்லதுக்குத்தானேம்மா போட்டேன், உங்க பொண்ணுக்கும் பேரு" என்கிறார்.
– ஒரு தாய், தூத்துக்குடி

பதில்: அம்மா, அவர் செய்தது தப்பு. இறக்கச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. பணம் கொடுத்து நீங்கள் எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் எதுவும் இல்லாத வரையில், முதல் உரிமையாளர் நீங்கள்தான் என்று 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் சொல்கிறது. படம் எடுத்த ஸ்டுடியோவுக்கே கேட்காமல் போட உரிமை இல்லாதபோது, பிரேம் போட்டவருக்கு எங்கிருந்து வரும்?

நேரில் போய்ப் பேசுங்கள். கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். இத்தனாம் தேதிக்குள் போர்டை மாற்ற வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். போர்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது. பெரும்பாலும் இதற்கு மேல் போகாது. அவருடைய போனிலிருந்தும் அழிக்கச் சொல்ல மறக்காதீர்கள். கடைக்காரர்களுக்கும் சொல்கிறேன், வேலையைக் காட்ட வேண்டும் என்றால் மூலையை மட்டும் போட்டோ எடுங்கள். மரம், மவுண்ட்டின் ஓரம், உள் பீடிங் எல்லாம் அதில் தெரியும், முகம் தெரியாது.

கேள்வி: நான் தஞ்சாவூர் ஓவியம் எழுதுகிறேன். படங்களை ஒரு கடையில் பிரேம் போடக் கொடுப்பேன். அங்கே மாட்டி வைத்தால் எனக்கும் ஆர்டர் வரும் என்று சந்தோஷமாகச் சம்மதித்தேன். ஆனால் ஓவியத்தில் என் பெயர் எங்கேயும் இல்லை. கடைப் பெயர் அட்டைதான் தொங்குகிறது. என் படத்தைக் காட்டி ஆர்டர் எடுத்து, வேறு ஒருவரிடம் குறைந்த விலைக்கு எழுதி வாங்கிக் கொடுக்கிறார்கள் என்று இப்போது தெரிய வருகிறது.
– ஓவியர், கும்பகோணம்

பதில்: இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எங்கள் தொழிலில் இருப்பவர்களே இப்படிச் செய்யும்போது மனசு கனக்கிறது. ஒரு தஞ்சாவூர் ஓவியத்தில் எத்தனை நாள் உழைப்பு இருக்கிறது என்று பிரேம்காரனுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் கலந்து மெழுகி, தேய்த்து, மறுபடி மெழுகி, மேடு எழுப்பி, கல் பதித்து, தங்கத் தாள் ஒட்டி, கடைசியில் முகம் எழுதி, கண் திறக்கிற வரைக்கும் எல்லாம் அந்தப் படத்தின் எடையிலேயே தெரியும். கையில் வாங்கியதும் தெரியும்.

சட்டப்படி எது உங்களுடையது, எது இல்லை என்று முதலில் பிரித்துக்கொள்வோம். ராமர் பட்டாபிஷேகம், வெண்ணெய்க் கிருஷ்ணர் போன்ற வழிவழியாக வந்த அமைப்புகள் எல்லா ஓவியர்களுக்கும் பொது. அதையே இன்னொருவர் எழுதினால் தடுக்க முடியாது. ஆனால் நீங்களே யோசித்து அமைத்த மண்டபம், நீங்கள் சேர்த்த உருவங்கள், உங்கள் ஓரக் கொடி ஆகியவற்றை அப்படியே எடுத்து எழுதினால் அது உங்கள் உரிமையில் கை வைப்பது. படத்தை விற்றுவிட்டாலும் அந்த உரிமை கூடவே போய்விடாது. எழுத்து மூலம் கொடுத்தால்தான் போகும். உங்கள் வாழ்நாளுக்கும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளுக்கும் அது நிற்கும். ஒரே ஒரு விலக்கு: ஒருவர் பணம் கொடுத்து, தனக்கென்று எழுதச் சொன்ன படமாக இருந்தால், வேறு பேச்சு இல்லாத பட்சத்தில், முதல் உரிமை அவருக்குப் போகும். இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை மட்டும் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி எப்போதும் உங்களிடமே இருக்கும். பதிப்புரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் இருக்கும். டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த பெரிய சுவர்ச் சிற்பத்தை அரசு இறக்கிச் சிதைத்துவிட்டபோது, டெல்லி உயர்நீதிமன்றம் 2005-இல் அந்தப் பிரிவை வைத்துத்தான் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

வழக்குக்குப் போகச் சொல்லவில்லை. நாளைக்கே செய்யக்கூடியது இருக்கிறது. இனி எந்தப் படத்தையும் பிரேமுக்குக் கொடுக்கும் முன், முன்பக்கம் ஓரத்தில் சின்னதாக உங்கள் பெயரும் ஆண்டும் எழுதிவிடுங்கள். தஞ்சாவூர் ஓவியத்தில் கையெழுத்துப் போடுவது பழைய வழக்கம் இல்லை என்று தயங்காதீர்கள். பின்பக்கப் பலகையில் பெயர், போன், படத்தின் பெயர் மூன்றையும் எழுதி, அதன் மேல் கடைக்காரர் போர்டு அடிப்பதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கடைக்காரரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "என் படம் இங்கே இருக்கிற வரை என் பெயர் அட்டை அதன் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்தப் படத்தைப் பார்த்து வரும் ஆர்டர் எனக்கு வர வேண்டும். அதில் உங்களுக்கு இவ்வளவு." பங்கு எவ்வளவு என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள். சம்மதிக்காவிட்டால் படங்களை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நல்ல ஓவியர் கொடுத்த படம் சுவரில் இருப்பதால் கடைக்குத்தான் மதிப்பு. அதை அவர் உணரட்டும்.

கண்ணாடி கல்லின் மேல் படாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். மேடு எழுப்பிய படத்துக்கு உள்ளே குச்சி வைத்து இடைவெளி விட வேண்டும். அவசரத்தில் விடாமல் போட்டு, கண்ணாடி அழுத்தி, மேட்டில் விரிசல் விட்ட படங்கள் என்னிடம் பழுதுக்கு வந்திருக்கின்றன.

கேள்வி: என் பிரேம் கடையில் முடித்து வைத்தும் வாங்க வராத படங்கள் நாற்பதுக்கு மேல் கிடக்கின்றன. சில மூன்று வருஷம் ஆனவை. இவற்றையாவது சுவரில் மாதிரிக்கு மாட்டலாமா? விற்றுவிடலாமா?
– கடைக்காரர், திண்டுக்கல்

பதில்: இரண்டும் வேண்டாம். கூலி வரும் வரை படத்தைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ள, முதலில் சொன்ன ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. ஆனால் வைத்துக்கொள்ளும் உரிமை வேறு, விற்கும் உரிமை வேறு. விற்க முடியாது. மாட்டவும் கூடாது, ஏனென்றால் கேட்க ஆள் இல்லை என்பது சம்மதம் இல்லை.

எனக்கும் இப்படிச் சேர்ந்தது உண்டு. அதில் ஒன்று, ஒரு அம்மாவின் கறுப்பு வெள்ளைப் போட்டோ, கை அகலம் இருக்கும். சுருள் விழுந்த ஓரம், கழுத்தில் ஒற்றைக் கறுப்புக் கயிறு. முன்பணம் கொடுத்தவர் வரவே இல்லை. ஆறு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் ஒருவர் வந்து நின்றார். வெளிநாட்டில் வேலைக்குப் போய் இடையில் ஊருக்கு வர முடியாமல் போனவர். ரசீது கூட இல்லை. "ஒரு படம் குடுத்தேன், இருக்காது…" என்று இழுத்தார். எந்த வருஷம் என்று மட்டும் கேட்டேன். உள்ளே போய் எடுத்து வந்தேன். "அம்மாவுக்கு இருக்கிறதே இந்த ஒரு போட்டோதான்" என்றார். அவர் பாக்கிப் பணத்தை எண்ணிய கை நடுங்கியது. அன்றைக்கு அதை விற்றிருந்தாலோ, வெயில் படுகிற சுவரில் மாட்டி வைத்திருந்தாலோ, அவர் முன்னால் நான் எப்படி நின்றிருப்பேன்?

அதனால் நாற்பதையும் பத்திரமாக வையுங்கள். தரையில் நேரே வைக்காமல் இரண்டு மரக்கட்டை போட்டு, அதன் மேல் நிமிர்த்தி, முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகாக அடுக்குங்கள். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி. கரையான் வந்தால் அப்போதுதான் கண்ணில் படும். ஒவ்வொன்றின் முதுகிலும் பில் எண், தேதி. ஒருவர் விடாமல் போன் செய்யுங்கள். எடுக்காதவர்களுக்கு ஒரு தபால். இனிமேல் பாதித் தொகை முன்பணமாக வாங்கிவிடுங்கள், போன் எண் இரண்டு வாங்குங்கள். எத்தனை நாளைக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும், அதற்கு மேல் என்ன செய்வீர்கள் என்பதைப் பில்லிலேயே அச்சடித்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டால் பேச்சு வராது.

கேள்வி: என் பாட்டி நாகர்கோவில் பக்கம் வளர்ந்தவர். அவர் கையால் பின்னிய வெள்ளை நூல் லேஸ் ஒன்றைப் பிரேம் போட்டோம். கடைக்காரர் முறையாகக் கேட்டார். ஒரு மாதம் கடையில் வைத்துக்கொள்கிறேன் என்றார். நாலு பேர் அந்த வேலையைப் பார்க்கட்டும் என்று எங்களுக்கும் ஆசைதான். கொடுக்கலாமா? என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: கொடுங்கள். முறையாகக் கேட்கிறவருக்குக் கொடுப்பது எனக்கும் சந்தோஷம். பாட்டியின் கை வேலையை ஊர் பார்க்கட்டும்.

மூன்று விஷயம் மட்டும். முதலில், எந்த இடத்தில் மாட்டுகிறார் என்று நேரில் போய்ப் பாருங்கள், மத்தியானத்துக்கு மேல் போங்கள். என் கடை வாசல் மேற்குப் பார்த்தது. மூன்று மணிக்கு மேல் ஷோகேஸுக்குள் வெயில் முழங்கால் அளவுக்கு ஏறி வரும். மியூசியங்களில் துணி, காகிதம், நீர்வண்ணப் படங்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் விடுவார்கள்; எண்ணெய் வண்ணத்துக்கு 200. நேர் வெயில் 1,00,000 லக்ஸ் வரை போகும். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரைக் கணிசமாக உள்ளே விட்டுவிடும். வெள்ளை நூல்தானே, வெளுக்க என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். நூல் மஞ்சளடிக்கும், இற்றுப் போகும், பின்னால் கருநீலத் துணி மாதிரி ஏதாவது கொடுத்திருந்தால் அது லேஸ் மறைக்காத இடங்களில் வெளுக்கும். பின்னாளில் லேஸை எடுத்தால் அதன் நிழல் துணியில் நிற்கும். உள்சுவர், எல்.இ.டி. விளக்கு, அதுவும் கடை நேரத்தில் மட்டும். அது போதும்.

இரண்டாவது, லேஸை எப்படிப் பிடித்திருக்கிறார் என்று கேளுங்கள். பசை போட்டிருந்தால் உடனே பிரித்துத் தையல் போடச் சொல்லுங்கள். ஓரக் கண்ணிகளில் மெல்லிய பருத்தி நூலால் அங்கங்கே ஒரு தையல், இழுக்காமல், லேஸ் தானாகத் தொங்குகிற அளவுக்கு. கண்ணாடியும் நூலும் தொடக்கூடாது. மழைக் காலத்தில் கண்ணாடிக்குள் ஈரம் கோத்தால் தொட்ட இடத்தில்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும்.

மூன்றாவது, பாட்டியின் பெயரை எழுதி ஒரு சின்ன அட்டை கொடுங்கள். பிறந்த ஊர், பின்னிய வயது தெரிந்தால் அதையும் சேருங்கள். படத்துக்கு வலது பக்கம், கண் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே வைக்கச் சொல்லுங்கள். கொடுக்கும் அன்று முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, திருப்பி வாங்கும் தேதியைப் பிரேமின் முதுகில் பென்சிலால் நீங்களே எழுதிவிடுங்கள். அந்தத் தேதிக்கு மறுநாள் கடைக்குப் போய் வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். சுவரிலிருந்து இறக்கும் முன் அவர் ஒரு தடவை பார்க்கட்டும்.